எய்ம் சரியாக விழ எவ்வளவு விலை மவுஸ் வேண்டும்?

ஷூட்டர் கேம் ஆடுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வந்தே தீரும். எதிரியின் தலைக்கு வைத்த குறி தோளுக்கு மேலே காற்றில் போகிறது. தப்பு கையிலா, மவுஸிலா? போட்டிகளில் ஆடுகிறவர்கள் வைத்திருக்கும் மவுஸின் விலையைப் பார்த்தால், அந்தப் பணத்துக்கு நம் மவுஸில் ஆறேழு வாங்கலாம் போலிருக்கிறது. அவ்வளவு கொடுத்தால் குறியும் அந்த அளவுக்குக் கூடுமா?

கூடாது. அதற்காக, "எல்லா மவுஸும் ஒன்றுதான், மற்றதெல்லாம் கைப்பழக்கம்" என்று சொல்கிறவர்கள் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மவுஸுக்கு ஒரு குறைந்தபட்சத் தரம் உண்டு. அதற்குக் கீழே இருக்கும் மவுஸ் உண்மையிலேயே குறியைக் கெடுக்கும். அந்த அளவைத் தாண்டிவிட்டால், கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி எடைக்கும் வயர்லெஸ்ஸுக்கும் கிளிக்கின் தரத்துக்கும் போகிறது. துல்லியத்துக்குப் போவது சொற்பம். அந்தக் குறைந்தபட்ச அளவு எங்கே இருக்கிறது, அதைத் தாண்டிய பிறகு எதற்குப் பணம் கொடுப்பது நியாயம் என்பதுதான் கேள்வி.

ஒப்பிட வசதியாக மூன்று வகையாகப் பிரித்துக்கொள்கிறேன். முதலாவது, பெயர் தெரியாத கம்பெனியின் "கேமிங்" மவுஸ்: சாதாரண ஆபீஸ் மவுஸுக்கு வண்ண விளக்கும் கூர்மையான ஓடும் மாட்டியது. இரண்டாவது, பெயருள்ள கம்பெனிகளின் ஆரம்ப நிலை மவுஸ்கள்: லாஜிடெக் ஜி102, ஜி304, ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் போன்றவை. கடந்த சில ஆண்டுகளாக வந்து குவியும் மலிவான, எடை குறைந்த சீன வயர்லெஸ் மவுஸ்களையும் இதில் சேர்க்கலாம். மூன்றாவது, உச்ச விலை: லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 2, ரேசர் வைப்பர் வி3 ப்ரோ மாதிரியானவை.

சென்சார்: எல்லோரும் இங்கேதான் பார்க்கிறார்கள்

மவுஸின் அடியில் இருப்பது ஒரு சின்ன கேமரா. ஒரு விளக்கு மவுஸ்பேடின் இழைகளை வெளிச்சமாக்க, கேமரா விநாடிக்கு ஆயிரக்கணக்கான படங்களை எடுத்துத் தள்ளுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அந்த இழைகள் எவ்வளவு நகர்ந்தன என்று கணக்குப் போட்டு, அதைத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. கை வேகமாகப் போகும்போது இரண்டு படங்களுக்கும் பொதுவான பகுதி குறைந்துகொண்டே வரும். ஒரு வேகத்துக்கு மேல் பொதுவாக எதுவுமே இருக்காது. அந்த இடத்தில் சென்சாருக்குத் திசை தெரியாமல் போகிறது. சுட வேண்டிய ஆளைப் பார்க்காமல், திரை நடுவில் குறி காட்டும் கிராஸ்ஹேர் தரையையோ வானத்தையோ பார்த்துக்கொண்டு நிற்கும். "ஸ்பின்-அவுட்" என்கிறார்களே, அது இதுதான்.

அந்த வேக வரம்பை ஐபிஎஸ் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். விநாடிக்கு எத்தனை அங்குலம் என்று அர்த்தம். பல ஆபீஸ் சென்சார்கள் 30 ஐபிஎஸ் அளவிலேயே நின்றுவிடும். அது விநாடிக்கு 76 சென்டிமீட்டர்தான். இதை ஆட்டத்தோடு வைத்துப் பார்ப்போம். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் என்ற ஷூட்டர் கேமில், மவுஸில் 800 டிபிஐ (அது என்ன என்று அடுத்த பகுதியில் பார்ப்போம்), கேமுக்குள் சென்சிட்டிவிட்டி (மவுஸ் நகர்வுக்குப் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அளவு) 1 என்று வைத்தால் முழுச் சுற்றுக்கு மவுஸை 52 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். பின்னால் காலடிச் சத்தம் கேட்டு அரைச் சுற்று திரும்ப 26 சென்டிமீட்டர். அதை ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் செய்தால் சராசரி வேகமே விநாடிக்கு 1.3 மீட்டர். கை மெதுவாகத் தொடங்கி நடுவில் வேகமெடுத்து மறுபடி மெதுவாக நிற்பதால், உச்ச வேகம் கிட்டத்தட்ட 2.4 மீட்டரைத் தொடும். 30 ஐபிஎஸ் சென்சார் இதில் பாதி வழியிலேயே கைவிட்டுவிடும். முதல் வகை மவுஸை நான் ஒதுக்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இரண்டாவது வகைக்கு வாருங்கள். டெத்ஆடர் எசென்ஷியலுக்கு அறிவித்த வரம்பு 220 ஐபிஎஸ், அதாவது விநாடிக்கு 5.6 மீட்டர். 2018-இல் வந்த ஜி304-இன் ஹீரோ சென்சாருக்கு 400 ஐபிஎஸ், 10 மீட்டருக்கு மேல். மேலே பார்த்த அரைச் சுற்றுக்கு இரண்டுமே தாராளம். உச்ச விலைக்குப் போனால் வைப்பர் வி3 ப்ரோவில் 750 ஐபிஎஸ். மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் மவுஸை இழுத்தாலும் தடம் தப்பாது என்கிறார்கள். மேஜை தாங்குமா என்பதுதான் சந்தேகம்.

சென்சார்களைப் பெரும்பாலும் மவுஸ் கம்பெனிகள் தாங்களாகவே தயாரிப்பதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்திடமிருந்துதான் பலரும் வாங்குகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் உச்ச விலை மவுஸ்களில் மட்டும் இருந்த 3395 சென்சார் இன்று அட்டாக் ஷார்க் எக்ஸ்3 போன்ற மலிவு மவுஸ்களுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. சென்சார் மட்டும்தான் துல்லியம் என்றால், இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

டிபிஐ என்ற பெரிய எண்

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது ஐபிஎஸ் இல்லை, டிபிஐ. 6400, 12000, 35000 என்று ஏறிக்கொண்டே போகும். டிபிஐ கூடினால் குறியும் கூடும் என்று நினைப்பது இயல்புதான். ஒரு சின்னக் கணக்கு அதைத் தெளிவாக்கும்.

ஒரு அங்குலம் மவுஸை நகர்த்தினால் எத்தனை "எண்ணிக்கை" கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதே டிபிஐ. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் சென்சிட்டிவிட்டி 1 என்றால், ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 டிகிரி திரும்பும். 1920 பிக்சல் அகலமுள்ள திரையின் நடுவில் ஒரு பிக்சல் என்பது ஏறக்குறைய 0.08 டிகிரி. ஆக, மவுஸ் அனுப்பும் மிகச் சிறிய நகர்வு திரையில் கால் பிக்சல்தான். அதைவிட நுணுக்கமாகக் குறி வைக்கத் திரையில் இடமில்லை. இவ்வளவும் 800 டிபிஐ-யில், ஆரம்ப நிலை மவுஸ் எதுவும் சிரமமில்லாமல் செய்வது. தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் 400, 800, 1600 என்ற அளவுகளிலேயே இருக்கிறார்கள். 35000 என்பது விளம்பரத்துக்கு வைத்த எண்.

இதில் ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. அதுவும் காசில்லாமல் கிடைப்பது. 400 டிபிஐ-யில் ஒரு எண்ணிக்கை அனுப்ப மவுஸ் 0.06 மில்லிமீட்டர் நகர்ந்தாக வேண்டும்; 1600-இல் 0.016 போதும். ஒரு ஆளைத் தொடர்ந்து மிக மெதுவாக, விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் குறியை நகர்த்துகிறீர்கள் என்றால், முதல் நகர்வு திரைக்குப் போக 400-இல் 6 மில்லி செகண்ட் ஆகும், 1600-இல் ஒன்றரைதான். அதனால் மவுஸை 1600-இல் வைத்துக்கொண்டு கேமுக்குள் சென்சிட்டிவிட்டியை அதற்கேற்பக் குறைப்பது புத்திசாலித்தனம். அதற்கு மேல் ஏற்றுவதில் லாபம் வேகமாகக் கரைந்துவிடும்.

முதல் வகை மவுஸ்களில் டிபிஐ எண்ணே பல சமயம் பொய். சென்சாரின் உண்மையான திறன் சில ஆயிரங்களோடு நின்றிருக்கும். மேலே காட்டும் அளவு அதே எண்ணிக்கையை இரண்டால் மூன்றால் பெருக்கியது. அப்படிப் பெருக்கினால் குறி ஒன்றொன்றாக நகராமல் இரண்டிரண்டாகத் தாவும். தூரத்து எதிரியின் தலைக்கு ஒரு நூலிழை இடப்பக்கம் போக வேண்டிய நேரத்தில் அது வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் குதித்து, நடுவை விட்டுவிடும். கையில் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் பயிற்சி செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கிளிக்: குறி தப்புவதில் பாதிக் கதை இங்கே

இதைத்தான் ஒப்பீடுகளில் சரியாகப் பேசுவதில்லை. குறி வைப்பது சென்சார் வேலை என்றால், சுடுவது ஸ்விட்சின் வேலை. சாதாரண ஸ்விட்சில் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும்போது ஒரு கணம் துள்ளும். அந்தத் துள்ளலை இரண்டு மூன்று கிளிக் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க, மவுஸின் உள்நிரல் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும். நல்ல மவுஸில் இந்தப் பொறுமை சில மில்லி செகண்டுக்குள் முடியும். மலிவானவற்றில் பத்து, பதினைந்து என்று போவது சகஜம்.

பதினைந்து மில்லி செகண்டில் என்ன கெட்டுவிடப்போகிறது? ஃபிளிக் அடிக்கும்போது, அதாவது எதிரியை நோக்கி மவுஸைச் சட்டென்று வீசிச் சுடும்போது, பார்வை விநாடிக்கு 100 டிகிரி வேகத்தில் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அது ஒன்றும் பெரிய வேகம் இல்லை. 15 மில்லி செகண்டில் கிராஸ்ஹேர் ஒன்றரை டிகிரி தாண்டிப் போயிருக்கும். முன்பு சொன்ன கணக்கில் அது 19 பிக்சல். நடுத்தூரத்தில் ஒரு தலையின் அகலம் அதைவிடக் குறைவு. தலைமேல் குறி இருந்தபோதுதான் அழுத்தினீர்கள். தலையைத் தாண்டிய பிறகுதான் குண்டு கிளம்பியது.

ஆனால் தாமதம் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் கை அதைப் பழகிக்கொள்ளும். கொஞ்சம் முன்கூட்டியே அழுத்தக் கற்றுக்கொண்டுவிடும். பழக முடியாதது ஒரு தடவை ஆறு, இன்னொரு தடவை பதினாறு என்று மாறிக்கொண்டே இருப்பது. உச்ச விலை மவுஸ்களில் நான் மதிக்கும் விஷயம் வேகத்தைவிட இந்தச் சீர்மைதான். பல மேல்நிலை மவுஸ்களில் ஆப்டிகல் ஸ்விட்ச் வருகிறது. தகடுகளுக்குப் பதில் ஒளிக்கற்றை மறிக்கப்படுவதை வைத்து கிளிக்கை உணர்வதால், துள்ளலும் இல்லை, பொறுத்திருக்கும் அவசியமும் இல்லை. உலோக ஸ்விட்சுகள் தேய்ந்த பின் வரும் டபுள்-கிளிக் தொல்லையும் இதில் இல்லை. ஒருமுறை அழுத்தினால் இரண்டு தோட்டா போகும் அந்தத் தொல்லையை அனுபவித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

பொத்தானின் அமைப்பும் இருக்கிறது. மலிவு மவுஸ்களில் பொத்தான் பல நேரம் மேல் ஓட்டின் நீட்சியாகவே இருக்கும். அழுத்தினால் பிளாஸ்டிக் முழுவதும் வளைந்த பிறகுதான் ஸ்விட்ச் பேசும். அதற்குக் கொடுக்கும் விசையில் மவுஸே ஒரு நூல் நகர்ந்துவிடும். இதைக் கண்ணால் பார்க்கலாம்: பயிற்சி மைதானத்தில் ஸ்னைப்பரை எடுத்து ஸ்கோப்புக்குள் சுவரில் ஒரு புள்ளியைப் பிடித்து, கையை ஆட்டாமல் கிளிக் செய்யுங்கள். அழுத்தும் அந்தக் கணத்தில் குறி கீழேயோ பக்கவாட்டிலோ ஒரு சின்ன வெட்டு வெட்டினால், அதற்குக் காரணம் பொத்தான்தான். பொத்தான் ஓட்டிலிருந்து தனியாகப் பிரிந்திருக்கும் மவுஸ்களில் இது பெரும்பாலும் இருக்காது. ஆரம்ப நிலையிலேயே அப்படிப்பட்டவை கிடைக்கின்றன.

போலிங் ரேட்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மவுஸ் விநாடிக்கு எத்தனை முறை தகவல் அனுப்புகிறது என்பது போலிங் ரேட். 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லி செகண்டுக்கு ஒருமுறை. 1000 என்றால் ஒரு மில்லி செகண்டுக்கு ஒருமுறை. சராசரித் தாமதம் இதில் பாதி. 125-இலிருந்து 1000-க்கு வந்தால் மூன்றரை மில்லி செகண்ட் மிச்சம், அது உண்மையான லாபம். 1000-இலிருந்து 8000-க்குப் போனால் மிச்சமாவது அரை மில்லி செகண்டுக்கும் குறைவு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்திலிருந்து அடுத்ததுக்கு 16.7 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்கிறது. 240 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கே 4.2. 8000-க்குக் கொடுக்கும் பணத்தை மானிட்டர் பக்கம் தள்ளிவிடுவது மேல். பிராசஸர் சுமாரானது என்றால் 8000 ஹெர்ட்ஸ் அதன் மேல் சுமை ஏற்றி ஆட்டத்தின் ஃபிரேம்களையே குலுக்கிவிடும். வயர்லெஸ்ஸில் பேட்டரியும் மளமளவென்று இறங்கும்.

எடையும் உராய்வும்

1899-லேயே உட்வொர்த் என்ற உளவியலாளர் கை அசைவுகளை ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார்: ஒரு இலக்கை நோக்கிப் போகும் கை முதலில் ஒரே வீச்சில் அருகே போகிறது, பிறகு கண்ணால் பார்த்துப் பார்த்துச் சின்னச் சின்னத் திருத்தங்களால் சேர்கிறது. ஃபிளிக்கும் அப்படியேதான். பெரிய வீச்சு ஒன்று, கடைசியில் நுண்திருத்தம் ஒன்றிரண்டு. பெரிய வீச்சுக்கு எந்த மவுஸும் போதும். அந்தக் கடைசி மில்லிமீட்டர் திருத்தத்தில்தான் எடை கணக்குக்கு வருகிறது.

மவுஸ் கனமாக இருந்தால் நிறுத்துவதற்கும் கிளப்புவதற்கும் அதிக விசை வேண்டும். பேடோடு உராய்வும் எடைக்கு ஏற்பக் கூடும். நின்றிருக்கும் மவுஸை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தப் பார்க்கிறீர்கள். முதலில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது, விசையைக் கூட்டியதும் சட்டென்று விடுபட்டு இரண்டு மில்லிமீட்டர் போய்விடுகிறது. இந்த "ஒட்டி விடுபடும்" குணம் கனமான மவுஸிலும், கீழே ஒட்டியிருக்கும் பாதத் துண்டுகள் மட்டமாக இருக்கும் மவுஸிலும் அதிகம். சுத்தமான டெஃப்லான் பாதங்கள் வழுவழுவென்று போகும்.

ஜி304 பேட்டரியோடு 99 கிராம். சூப்பர்லைட் 2 சுமார் 60. சென்சிட்டிவிட்டி குறைவாக வைத்து, நாள் முழுக்க மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடுகிறவருக்கு இந்த 40 கிராம் மாலையில் மணிக்கட்டில் தெரியும். விலையுயர்ந்த மவுஸுக்குச் சாதகமாக நான் சொல்லும் வலுவான வாதம் இதுவே. ஆனால் இந்தக் கோட்டையும் மெல்ல இடிந்துகொண்டிருக்கிறது: மேலே சொன்ன அட்டாக் ஷார்க் எக்ஸ்3 49 கிராம்தான். ஜி304 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அதிலுள்ள ஏஏ அல்கலைன் பேட்டரி மட்டுமே 23 கிராம். லித்தியம் ஏஏ போட்டால் 15. அடாப்டர் வைத்து சின்ன ஏஏஏ லித்தியம் பேட்டரி போட்டால் இன்னும் இறங்கும். எடை பின்பக்கம் சாய்வதும் குறையும்.

வேடிக்கை என்னவென்றால், 2014-இல் லாஜிடெக் ஜி502 வந்தபோது 121 கிராம் மவுஸோடு தலா 3.6 கிராமில் ஐந்து எடைத் துண்டுகளையும் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள், இன்னும் கனமாக்கிக்கொள்ள! அன்று கனம்தான் தரம். இன்று அதே தொழிலில் ஒவ்வொரு கிராமையும் சுரண்டி எடுத்து விலை ஏற்றுகிறார்கள். ஆகவே லேசாக இருந்தால்தான் நல்லது என்பதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கை இயல்பாகவே கொஞ்சம் நடுங்குகிறவர்களுக்கு, ஓடும் ஆளைச் சீராகத் தொடர்ந்து சுடும் ஆட்டங்களில் 75, 80 கிராம் மவுஸ் இன்னும் அடக்கமாக இருக்கும்.

வடிவத்துக்கு விலையே இல்லை

எய்முக்கு மிக முக்கியமானது எது என்று ஒற்றைப் பதில் கேட்டால் வடிவம் என்பேன். அதுவோ விலையோடு துளியும் சம்பந்தமில்லாதது. உள்ளங்கை முழுவதும் மவுஸின் மேல் படிய வைத்துப் பிடிக்கிறவருக்கு டெத்ஆடர் போல் உயரமான, வலக்கைக்கு வளைந்த மவுஸ் பொருந்தும். அந்த வடிவம் 2006-இலிருந்து பெரிதாக மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மலிவுப் பதிப்பிலும் அதே உடம்புதான். விரலை வளைத்து நகம் போல் பிடிக்கிறவருக்குப் பின்பக்கம் கூன் விழுந்த நடுத்தர மவுஸ். நுனிவிரல்களால் மட்டும் பிடிக்கிறவருக்குச் சின்னது, தட்டையானது, லேசானது.

பொருந்தாத வடிவில் உலகத்திலேயே உசத்தியான சென்சாரை வைத்தாலும் பயனில்லை. பெரிய மவுஸைச் சின்னக் கையால் இறுக்கிப் பிடிக்கும்போது விரல்கள் நீட்டி விறைத்துவிடும். செங்குத்துத் திருத்தம், அதாவது குறியை ஒரு பொட்டு மேலே ஏற்றி இறக்குவது, விரல் மடங்கி நீள்வதில்தான் நடக்கிறது. விறைத்த விரலால் அது முடியாது. முழு மணிக்கட்டையும் அசைக்க வேண்டியிருக்கும், நுணுக்கம் போய்விடும். மணிக்கட்டுக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை கையை அளந்துகொண்டு, மவுஸின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முடிந்தால் ஒரு நண்பனின் மவுஸை இரண்டு மூன்று ஆட்டத்துக்குக் கேட்டு வாங்கிப் பாருங்கள். படங்களைப் பார்த்து வடிவத்தை முடிவு செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

வயரும் வயர்லெஸ்ஸும்

வயருள்ள மலிவு மவுஸில் குறியைக் கெடுப்பது சிக்னல் இல்லை, கேபிள். தடித்த ரப்பர் கேபிள் மேஜை விளிம்பில் மாட்டிக்கொண்டு, வலப்பக்கம் வீசும்போது கடைசியில் பின்னால் இழுக்கும். கேபிளை மவுஸுக்கு ஒரு சாண் முன்னால் தளர்வாக ஒரு வளையம் விட்டு டேப்பால் மேஜையில் ஒட்டினால் பாதித் தொல்லை தீர்ந்தது. வயர்லெஸ்ஸில் புளூடூத்தை ஆட்டத்துக்கு நம்பவே வேண்டாம். கம்ப்யூட்டரில் செருகும் தனி டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு வேண்டும். யூஎஸ்பி 3 போர்ட்டுகளும் அவற்றில் செருகிய டிரைவுகளும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்பதால், டாங்கிளைக் கேபினட்டின் பின்னால் செருகாமல் நீட்டிப்புக் கேபிள் போட்டு மவுஸ்பேடுக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. நல்ல வயர்லெஸ் இன்று வயருக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பெயர் தெரியாத மலிவு வயர்லெஸ்தான் சூதாட்டம்.

அப்படியானால் யார் எதை வாங்குவது?

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுகிறீர்கள், தினமும் ஒன்றிரண்டு ஆட்டம் என்றால், கைக்குப் பொருந்தும் வயருள்ள ஆரம்ப நிலை மவுஸ் போதும். மிச்சப் பணத்தில் பெரிய துணி மவுஸ்பேட் ஒன்று வாங்குங்கள். அரைச் சுற்றுக்கே 26 சென்டிமீட்டர் வேண்டும் என்று பார்த்தோமே. சின்னப் பேடில் அந்த இடம் இல்லை, கை விளிம்பில் போய் முட்டும். மவுஸை மாற்றாமல் பேடை மட்டும் மாற்றி எய்ம் தேறியவர்கள் நிறைய.

144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ மானிட்டர், ராங்க் ஆட்டங்கள், தினம் சில மணி நேரம், குறைந்த சென்சிட்டிவிட்டி என்றால், 60 கிராம் பக்கத்தில் இருக்கும் நடுவிலை வயர்லெஸ்ஸுக்குப் போகலாம். என்னைக் கேட்டால் இன்று பணத்துக்குப் பலன் அதிகம் கிடைப்பது இந்த இடத்தில்தான். ஒரே குறை, மலிவு சீன மவுஸ்களில் ஒவ்வொரு பிரதிக்கும் தரம் கொஞ்சம் மாறும். ஒன்றின் பொத்தான் கச்சிதமாக இருக்கும், இன்னொன்றில் தளர்ந்திருக்கும். வாரன்ட்டிக்கு அலைய வேண்டியும் வரலாம்.

உச்ச விலை மவுஸ் யாருக்கு? எந்த வடிவம் தனக்குப் பொருந்தும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு. அந்த வடிவம் மலிவில் கிடைக்காதவருக்கு. கிளிக்கின் சீர்மைக்கும் ஆண்டுக்கணக்கில் தொல்லையில்லாமல் ஓடுவதற்கும் பணம் கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு. எய்ம் கூடும் என்ற ஒரே நம்பிக்கையில் வாங்குகிறவருக்கு மட்டும் நான் வேண்டாம் என்பேன். புது மவுஸ் வந்த முதல் வாரம் எல்லோருக்கும் எய்ம் கூடியது போலத்தான் தோன்றும். அதில் உற்சாகம் பாதி. மீதிக்குப் பல சமயம் டிபிஐ வித்தியாசம் காரணமாக இருக்கும்: இரண்டு மவுஸிலும் 800 என்று வைத்தாலும் உண்மையில் சில சதவீதம் கூடக்குறைய இருப்பது சாதாரணம். அதாவது தெரியாமலேயே சென்சிட்டிவிட்டியை மாற்றியிருக்கிறீர்கள். நியாயமாக ஒப்பிட, முழுச் சுற்றுக்கு எத்தனை சென்டிமீட்டர் ஆகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, இரண்டு மவுஸிலும் அதே தூரம் வரும்படி சரிசெய்துவிட்டு, கோவாக்ஸ் அல்லது எய்ம் லேப் என்ற எய்ம் பயிற்சி மென்பொருளில் மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள்.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடியுமுன் சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலில் விண்டோஸில் பாயிண்டர் வேகத்தைத் தானாகக் கூட்டிக்குறைக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். பிறகு பெயிண்டைத் திறந்து மெதுவாக மூலைவிட்டமாக ஒரு கோடு இழுங்கள். படிக்கட்டு போல் உடைந்து நடுங்கினால் சென்சாரில் பிரச்சினை, கையை மீறி ஸ்கேல் வைத்தது போல் நேராகப் போனாலும் பிரச்சினைதான், மவுஸே கோட்டைத் திருத்துகிறது என்று அர்த்தம். அடுத்து கேமுக்குள் போய், பேடின் இடது ஓரத்தில் கனமான புத்தகம் ஒன்றை வைத்து மவுஸை அதில் ஒட்டி நிறுத்துங்கள். கிராஸ்ஹேர் சுவரில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, மவுஸை மெதுவாக வலப்பக்கம் நகர்த்திவிட்டு, முடிந்த அளவு வேகமாகத் திரும்ப வந்து புத்தகத்தில் முட்டுங்கள். குறி பழைய புள்ளிக்கே வந்தால் நல்ல சென்சார். நன்றாகத் தள்ளிப் போய் நின்றால் வேகத்துக்கு ஏற்ப அளவு மாறுகிறது. அந்த மவுஸில் கைப்பழக்கம் ஒருநாளும் சேராது.

கடைசியாக, பழைய ஏடிஎம் கார்டுகள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். மவுஸின் முன்னாலும் பின்னாலும் அடியில் ஒவ்வொன்றாக அடுக்கி, சென்சாருக்கு நேர் கீழே பேட் தெரியும்படி வைத்து, கார்டுகளோடு சேர்த்து நகர்த்துங்கள். பக்கத்துக்கு இரண்டு கார்டு வைத்ததுமே பாயிண்டர் நின்றுவிட்டால் நல்லது. மூன்று வைத்த பிறகும் நகர்ந்துகொண்டிருந்தால், மவுஸைத் தூக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் குறி கொஞ்சம் நகரும். மென்பொருளில் அந்த உயரத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம்.